தன் வழி என்பது எது?

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு, மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு சுமை உண்டு. தாங்கள் மண்ணையும் உறவையும் பழகிய சூழலையும் விட்டு வந்தது அவனுடைய நல்வாழ்வுக்காகவே என்று பெற்றோர் அவனிடம் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் அவன் அதை அறிந்தே வளர்கிறான். அத்தகைய பெற்றோர் மகனிடம் எதிர்பார்ப்பது பெரும்புகழையன்று, பாதுகாப்பை. நிலையான உத்தியோகம், மாதச் சம்பளம், சொந்தமாக ஒரு வீடு ஆகியவை அமைந்துவிட்டால், தாங்கள் இழந்தவை வீணாகவில்லை என்று அவர்கள் உள்ளம் ஆறுதல் கொள்ளும். அந்த மகன் இருபது வயதில், ‘நீங்கள் காட்டும் வழி எனக்குரியதன்று’ என்று சொல்லும்போது, அது படிப்பையோ தொழிலையோ பற்றிய பேச்சாக மட்டும் நிற்பதில்லை. தங்கள் தியாகத்தையே அவன் மறுக்கிறான் என்று பெற்றோர் கருதுகின்றனர்.

அவன் செய்வது நன்றிகேடா, ஸ்வதர்மமா? பகவத்கீதையில் மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் பகவான் ஸ்வதர்மத்தின் மேன்மையைச் சொல்கிறார். பிறருக்குரியதைச் சிறப்புறச் செய்வதைவிடத் தனக்குரியதைக் குறைகளோடு செய்வதே மேல் என்பது அங்கே கருத்து. இதை மேற்கோள் காட்டாத இளைஞர் இல்லை. ஆனால் தனக்குரியது எது என்பதை ஒருவன் எவ்வாறு அறிவது? பிடித்ததெல்லாம் ஸ்வதர்மம் ஆகிவிடுமா? இந்தக் கேள்வியை வெறும் தத்துவமாக ஆராய்வதைக் காட்டிலும், ஒருவருடைய வாழ்க்கையில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். திருத்தணியிலும் திருப்பதியிலும் சிறுவனாக ஓடியாடி, பின்னாளில் பாரதத்தின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் இளமைக்காலம் அதற்கு மிகவும் ஏற்றது.

பெயரில் தங்கிய ஊர்

சர்வபள்ளி என்பது நெல்லூர் மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமம். ராதாகிருஷ்ணனின் முன்னோர் அங்கிருந்து புறப்பட்டுத் தெற்கே வந்து திருத்தணியில் குடியேறினர். ஊரை விட்டாலும் ஊரின் பெயரை அவர்கள் விடவில்லை. தெலுங்கு மரபின்படி அது குடும்பப் பெயராகப் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் நின்றது. தந்தை சர்வபள்ளி வீராசாமி உள்ளூர் ஜமீனின் வருவாய்ப் பணியில் கீழ்நிலை ஊழியர். பெரிய குடும்பம், சிறிய வருமானம். 1888 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த ராதாகிருஷ்ணன் படித்ததெல்லாம் பெரும்பாலும் உதவித்தொகையால்தான்.

திருத்தணி அன்று வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானபோது திருத்தணி அதனுள் சென்றது. 1960-இல்தான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் ஒலித்த நிலப்பகுதி அது. ‘இவர் தமிழரா, தெலுங்கரா?’ என்று இன்றும் சிலர் வாதிடுவதுண்டு. அந்தத் தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே விளங்கியிராது.

எட்டு வயதில், 1896-இல், சிறுவன் ராதாகிருஷ்ணன் திருப்பதிக்குப் படிக்க அனுப்பப்பட்டான். திருப்பதியும் வந்தேறிகளால் நிறைந்த தலமே. ராமானுஜரின் சொல்லை ஏற்றுக் கன்னட நாட்டிலிருந்து வந்து, திருமலையில் நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கரியம் செய்த அனந்தாழ்வானை வைணவ உலகம் மறவாது. தாள்ளப்பாக்கத்தில் பிறந்த அன்னமாச்சாரியர், வீட்டார் அறியாமல் யாத்திரிகர் கூட்டத்தோடு சிறுவனாகவே மலையேறியதாக மரபு கூறும். வடநாட்டிலிருந்து வந்த பைராகியான ஹாதிராம்ஜியின் மடத்து மகந்துகளே 1843 முதல் 1933 வரை அத்திருக்கோயிலை நிர்வகித்தனர். ராதாகிருஷ்ணன் அங்கே மாணவனாக இருந்ததும் அக்காலத்தில்தான். தரிகொண்டாவிலிருந்து வந்த வெங்கமாம்பா, கணவரை இழந்த பெண்ணுக்கு ஊரார் வகுத்த கோலத்தை ஏற்க மறுத்துத் திருமலையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டார். தமக்குரிய வழி தாம் பிறந்த ஊரில் இல்லை என்று கண்டு வந்த பலரை அந்த மலை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் சிறுவன் சேர்ந்தது வேத பாடசாலையில் அன்று. ஜெர்மனியிலிருந்து வந்த ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில். ஏழுமலையின் அடிவாரத்தில், காலையும் மாலையும் யாத்திரிகர்களின் கோவிந்த நாமம் ஒலிக்கும் ஊரில், வகுப்பறைக்குள் பைபிள் பாடம். மகன் ஆங்கிலம் கற்பதைவிட அர்ச்சகராவதையே தந்தை விரும்பினார் என்று சொல்வதுண்டு. எவ்வாறாயினும், படிப்புக்கு வாய்ப்பு அங்கேதான் இருந்தது. 1900-இல் வேலூர் வூர்ஹீஸ் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என 1896 முதல் 1908 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கற்றது முழுவதும் கிறிஸ்தவ நிறுவனங்களில்.

மூன்று புத்தகங்கள்

பட்ட வகுப்பில் நுழையும்போது எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. கணிதம், பௌதிகம், உயிரியல், தத்துவம், வரலாறு என ஐந்து துறைகள் முன்னே இருந்தன. பதினேழு வயது. எதிலும் தனிப்பட்ட நாட்டம் இல்லை. அவ்வாண்டு கல்லூரியை முடித்து வெளியேறிய உறவினர் ஒருவர், தமக்கு இனித் தேவைப்படாத பாடநூல்களை அவரிடம் கொடுத்தார். தர்க்கத்தில் வெல்ட்டன், உளவியலில் ஸ்டவுட், அறவியலில் மெக்கென்சி ஆகியோர் எழுதிய நூல்கள் அவை. விலை கொடுத்துப் புத்தகம் வாங்க வசதியில்லாத மாணவருக்கு அந்தக் கொடையே முடிவைத் தந்துவிட்டது. தத்துவம் எடுத்தார்.

இதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். உலகமெங்கும் பாரதத்தின் தத்துவத்தை எடுத்துரைத்த மேதை அந்தத் துறைக்குள் வந்தது, பழைய புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததனால்! ‘உன் உள்ளத்தின் குரலைக் கேள், உன் கனவைத் தொடர்ந்து செல்’ என்று இளைஞர்களிடம் மேடைதோறும் சொல்கிறவர்களுக்கு இச்செய்தி சற்றுச் சங்கடம் தரக்கூடும். அவருக்குக் கனவும் இல்லை, உள்ளத்தின் குரலும் கேட்கவில்லை. இருந்தது வறுமையும் உறவினரின் அன்பும் மட்டுமே.

அப்படியானால் அவர் தம் வழியைத் தாமே தேர்ந்தார் என்று சொல்வது பொருந்துமா? இங்கேதான் ஸ்வதர்மத்தைப் பற்றிய நம் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாற்சந்தியில் நின்று நான்கு சாலைகளையும் பார்த்து ஒன்றைச் சுட்டிக்காட்டுவதே தேர்வு என்று நாம் நினைக்கிறோம். ராதாகிருஷ்ணனின் வாழ்க்கையில் உண்மையான தேர்வு புத்தகங்கள் கைக்கு வந்த நாளில் நிகழவில்லை. அது அதற்குப் பிறகு, எவரும் கவனியாத வகையில், மெல்ல நிகழ்ந்தது.

கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்குக் கற்பித்தவர்களுள் ஒருவர் ஆல்ஃபிரட் ஹாக். ஆழ்ந்த சிந்தனையாளர், கர்மக் கொள்கையைக் கிறிஸ்தவ நோக்கில் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியவர். அக்காலத்து மிஷனரிகள் இந்து தர்மத்தின்மீது வைத்த குற்றச்சாட்டுகளுள் மிகக் கூர்மையானது ஒன்று உண்டு. உலகம் மாயை, ஆத்மாவும் பிரம்மமும் ஒன்றே என்றால், நல்லது, தீயது என்ற வேறுபாட்டுக்கு என்ன பொருள்? ஏழைக்கு உதவுவதும் மாயை, உதவாதிருப்பதும் மாயை அல்லவா? வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமே இல்லை என்பது அவர்கள் முடிவு. பன்னிரண்டு ஆண்டுகள் அத்தகைய வகுப்பறைகளில் அமர்ந்த இளைஞருக்கு இது ஏட்டுப் பிரச்சினையன்று. திருத்தணி முருகன் சந்நிதியிலும் திருமலையிலும் கைகூப்பி நின்ற தம் பெற்றோரின் வாழ்க்கை பொருளற்றதா என்பதே கேள்வி.

அவர் முன்னே எளிய வழிகள் இரண்டு இருந்தன. ஆசிரியர்கள் சொல்வதை ஏற்று, பெற்றோரின் நம்பிக்கையைப் பழைமை என்று ஒதுக்கிவிடலாம். படித்த இளைஞர் பலர் அன்று அதைத்தான் செய்தனர். அல்லது காதுகளைப் பொத்திக்கொண்டு, மதிப்பெண்ணுக்காகப் படித்து, வீட்டுக்கு வந்ததும் அனைத்தையும் மறந்துவிடலாம். அதையும் பலர் செய்தனர். ராதாகிருஷ்ணன் இரண்டையும் செய்யவில்லை. சுவாமி விவேகானந்தரின் துணிவும் சொல்வன்மையும் அந்நாளில் தமக்குள் இந்து என்னும் பெருமிதத்தைத் தட்டியெழுப்பின என்று அவர் பின்னர் நினைவுகூர்ந்தார். ஆனால் பெருமிதத்தோடு நின்றுவிடவும் இல்லை. மிஷனரிகளின் கேள்வி நேர்மையான கேள்வி என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு விடை தேடத் தம் முன்னோரின் சாஸ்திரங்களுக்குள் சென்றார்.

அந்தத் தேடலின் பயன், 1908-இல் முதுகலைப் பட்டத்துக்காக எழுதி அவ்வாண்டே அச்சான ஆய்வுரை. வேதாந்தத்தின் அறநெறியும் அதன் தத்துவ அடிப்படைகளும் என்பது பொருள். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு நேரடியான மறுமொழி அது. அதை மதிப்பிடும் இடத்தில் இருந்தவர்களோ அவருடைய கிறிஸ்தவ ஆசிரியர்கள்! மாணவர் அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் ஹாக் அந்த ஆய்வைப் பாராட்டிச் சான்றளித்தார். தம் கருத்துக்கு எதிரான கருத்தை எழுதிய மாணவரை மனமுவந்து பாராட்டிய அந்த ஆசிரியரின் பெருந்தன்மையை இங்கே குறிப்பிடாமல் செல்வது முறையாகாது.

ஆக, புத்தகம் தானாக வந்தது. கேள்வியும் தானாக வந்தது. பள்ளியும் வறுமையும்கூட அவர் கேட்டுப் பெற்றவையல்ல. அந்தக் கேள்விக்கு எவ்வாறு முகம் கொடுப்பது என்பது மட்டுமே அவர் கையில் இருந்தது. பிராரப்தத்துக்கும் பௌருஷத்துக்கும் உள்ள தொடர்பை விளக்க, ஒன்றோடொன்று மோதும் இரண்டு ஆட்டுக்கடாக்களை யோகவாசிஷ்டம் உவமையாகக் காட்டுகிறது. வள்ளுவப் பெருந்தகையும் ஊழின் வலிமைக்கு ஓர் அதிகாரம் வகுத்துவிட்டு, ஆள்வினையுடைமைக்கு வேறோர் அதிகாரத்தை வகுத்தார். ராதாகிருஷ்ணன் தம் காலத்துக்கேற்ற உவமையைச் சீட்டாட்டத்திலிருந்து எடுத்தார். 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் கர்மக் கொள்கையை அவர் அவ்வாறு விளக்கினார். சீட்டுகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, முன்வினை கொடுக்கிறது. அவற்றைக் கொண்டு எப்படி ஆடுவது என்பதில் நமக்கு உரிமை இருக்கிறது என்பது அதன் சாரம். கர்மம் என்றால் விதி, விதி என்றால் முடக்கம் என்று எண்ணியிருந்த மேலைநாட்டவருக்கு இது புதிய செய்தியாக இருந்தது. தம் ஆசிரியர் எழுப்பிய கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் விடை சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுத்தவர் ஒருவர்

அதே நிலப்பகுதியில் ஏழு ஆண்டுகள் பின்னால் பிறந்த இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தார் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தந்தை, 1909-இல் பிள்ளைகளோடு சென்னை அடையாற்றுக்குக் குடிபெயர்ந்து பிரம்மஞான சபையில் பணியேற்றார். ராதாகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அடையாற்றுக் கடற்கரையில் அச்சிறுவனைக் கண்ட லெட்பீட்டர், அவன் உலக குருவாக வருவான் என்றார். அவனுக்காக ஒரு சங்கமே அமைக்கப்பட்டது. உலகெங்கும் சீடர்களும் சொத்துகளும் சேர்ந்தன. 1929 ஆகஸ்ட் 3-ஆம் நாள் ஹாலந்தில் ஓமன் என்னும் இடத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், கிருஷ்ணமூர்த்தி அந்தச் சங்கத்தைக் கலைத்தார்.

ஒருவர் தற்செயலாக வந்ததை ஏற்றார், மற்றவர் திட்டமிட்டுத் தரப்பட்டதை மறுத்தார். கிருஷ்ணமூர்த்தியின் கருத்துகள் அனைத்தையும் ஆஸ்திக மரபினர் ஏற்பதில்லை. ஏற்க வேண்டியதும் இல்லை. எனினும் அந்த மறுப்பு அவருக்கு என்ன விலையில் வந்தது என்பதைப் பார்த்தால், பிடிவாதத்துக்கும் ஸ்வதர்மத்துக்கும் உள்ள வேறுபாடு ஓரளவு புலப்படும். பிடிவாதம் தனக்கு ஏதேனும் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறது. கிருஷ்ணமூர்த்தி அன்று தமக்கெனக் கேட்டது எதுவும் இல்லை. கைக்கு வந்திருந்த அனைத்தையும் விட்டார். தான் தேர்ந்த வழி உண்மையில் தன்னுடையதுதானா, அல்லது தன் ஆசையுடையதா என்று ஐயுறும் இளைஞன் இந்த ஒரு கோணத்திலிருந்து பார்க்கலாம். அதில் அவன் இழக்கச் சித்தமாயிருப்பது எது?

கடன்

இனி, பெற்றோருக்குப் பட்ட கடன். தன் வழி செல்பவன் அந்தக் கடனிலிருந்து விடுபட்டுவிடுகிறானா? ஆதிசங்கரர் துறவியாகியும் அன்னையின் இறுதிக் காலத்தில் காலடிக்குத் திரும்பினார் என்பது சங்கர சரிதம். நரேந்திரரின் நிலை இதைவிடக் கடினமானது. 1884-இல் தந்தை விசுவநாத தத்தர் திடீரென மறைந்ததும் குடும்பம் வறுமையில் விழுந்தது. தட்சிணேசுவரத்தில் அன்னை காளியிடம் குடும்பத்துக்காக வேண்டச் சென்று, மும்முறையும் ஞானத்தையும் பக்தியையும் வேண்டித் திரும்பிய நிகழ்ச்சி அன்பர்கள் அறிந்ததே. ஆனால் அந்நிகழ்ச்சியின் தொடர்ச்சியைச் சிலர் கவனிப்பதில்லை. அன்னை புவனேசுவரி தேவியைப் பற்றிய கவலை சுவாமிஜியை இறுதிவரை விடவில்லை. கேத்ரி மன்னர் அஜித் சிங் மாதந்தோறும் நூறு ரூபாய் அனுப்பி அக்குடும்பத்தைத் தாங்கினார். தமக்கென எதையும் கேட்காத சுவாமிஜி, அந்த உதவி தொடர வேண்டும் என்று தாய்க்காகக் கேட்டார். 1901-இல், உடல் நலிவுற்றிருந்த நிலையிலும், தாயைக் கீழ்வங்கத் தலங்களுக்கும் காமாக்யாவுக்கும் யாத்திரை அழைத்துச் சென்றார். முற்றத் துறந்தவரே இவ்வாறு இருந்தார் என்றால், துறவு பூணாமல் வெறுமனே வேறு தொழிலைத் தேர்ந்துகொண்ட மகன் ‘என் வாழ்க்கை என்னுடையது’ என்று கூறி வீட்டை மறப்பதற்கு எந்த சாஸ்திரத்தில் இடமிருக்கிறது?

கடனை அடைக்கும் முறையைக் கடன் கொடுத்தவர் விரும்பியபடியே அமைக்க முடியாமல் போகலாம். வீராசாமி கண்ட பாதுகாப்பு வேறு; மகன் கொடுத்தது வேறு. ஆனால் பெற்றோரின் கோயிலையும் நம்பிக்கையையும் உலக அறிஞர்கள் மதிக்கும்படி எடுத்துரைத்த மகன், கடனைத் தீர்க்கவில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இந்தக் கணக்கில் இன்னொருவர் பெயரும் வர வேண்டும். 1903-இல், பதினைந்து வயதையொட்டி, ராதாகிருஷ்ணனுக்குச் சிவகாமுவுடன் திருமணம் நடந்தது. மணமகள் சிறுமி. அந்தத் திருமணத்தை மணமக்கள் இருவருமே தேர்ந்தெடுக்கவில்லை. பின்னர் மைசூர், கல்கத்தா, வால்டேர், ஆக்ஸ்ஃபோர்டு, காசி என்று கணவரின் வழி நீண்டுகொண்டே சென்றது. ஐந்து பெண்களையும் ஒரு மகனையும் வளர்த்த பொறுப்பின் பெரும்பகுதி சிவகாமுவின்மீது விழுந்தது. 1956 நவம்பரில் அவர் மறைந்தார். கணவர் குடியரசுத் தலைவரானதைக் காணவில்லை. தம் வழியில் சென்ற பெரியோரைப் போற்றும்போது, அவ்வழியின் செலவை ஏற்றவர்களை நாம் மறந்துவிடுகிறோம். மகன் தன் வழியைப் பற்றித் தந்தையிடம் பேச அமரும்போது, யார் யார் எதை ஏற்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்துப் பேசினால், அந்த உரையாடல் சண்டையாக முடிவதற்கு வாய்ப்புக் குறைவு.

தந்தையின் பக்கத்திலும் ஒரு கடினம் இருக்கிறது. இன்று குடும்பங்கள் நெல்லூரிலிருந்து திருத்தணிக்கு அல்ல, திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. தூரம் கூடியதற்கேற்ப எதிர்பார்ப்பும் கூடியிருக்கிறது. பிள்ளையின் நன்மை தமக்கே நன்கு தெரியும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. பல வேளைகளில் அது உண்மையும்கூட. ஆனால் அர்ஜுனனின் நன்மையை ஸ்ரீகிருஷ்ணரைவிட நன்கு அறிந்தவர் யார்? பதினெட்டு அத்தியாயங்கள் உபதேசித்து, விசுவரூபமும் காட்டிய பின்னர், பதினெட்டாம் அத்தியாயத்தின் அறுபத்துமூன்றாம் சுலோகத்தில், அனைத்தையும் ஆராய்ந்து விரும்பியவாறு செய்யும்படி முடிவை அர்ஜுனனிடமே விட்டுவிடுகிறார். அவர் அங்கே விலகிச் சென்றுவிடவும் இல்லை. மேலும் சில சுலோகங்களில் அன்போடு பேசுகிறார். எழுபத்திரண்டாம் சுலோகத்தில், நான் சொன்னதை ஒருமனத்தோடு கேட்டாயா, உன் மயக்கம் தீர்ந்ததா என்று வினவுகிறார். போர்க்களத்தில் இரு சேனைகளும் அணிவகுத்து நிற்க, அர்ஜுனன் வாய் திறந்து தன் விடையைச் சொல்லும்வரை பகவான் தேர்த்தட்டில் காத்திருக்கிறார்.